எந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு? குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

நியாயம் நம் பக்கம் இருந்தாலும், அதிகாரம் இல்லாத நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் அது திருப்பித் தரப்படும். பணமும் வருடங்களும் வீணாகும். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் வசிக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்து இதைப் பார்ப்போம்.

சொத்துத் தகராறு

சொத்து எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். அண்ணன் சென்னையிலும் தம்பி துபாயிலும் இருந்தாலும், ஏனாத்தூர் வீட்டுக்கான வழக்கு காஞ்சிபுரத்தில்தான். அடுத்து வழக்கின் மதிப்பைப் பார்ப்பார்கள். குறைந்த மதிப்புக்கு மாவட்ட முன்சீப், அதற்கு மேல் சார்பு நீதிமன்றம், அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றம். இந்த வரம்புத் தொகை சட்டத் திருத்தங்களால் மாறுவதால், வழக்குரைஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டா கொடுப்பது தாசில்தார். சொத்து யாருக்கு உரிமை என்று தீர்ப்பது சிவில் கோர்ட்.

தலாக், குலா, ஜீவனாம்சம்

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். ஜமாஅத் சமரசம் பேசலாம்; விவாகரத்துச் சான்றிதழ் தர முடியாது. பெண்ணுக்குக் குலா உரிமை உண்டு, ஆனால் அதற்குக் குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் கூறியது. ஜீவனாம்ச மனுவைக் குடும்ப நீதிமன்றத்திலும், அது இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட்டிடமும் தரலாம். கணவர் வேலூரில் இருந்தாலும், ஏனாத்தூரில் தாய் வீட்டில் இருக்கும் மனைவி காஞ்சிபுரத்திலேயே மனுச் செய்யலாம்.

வக்ஃபு சொத்து

பள்ளிவாசல், கபரஸ்தான் நிலம் வக்ஃபு சொத்தா இல்லையா என்ற வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போகாது. வக்ஃபு தீர்ப்பாயத்துக்குப் போகும். 2025 திருத்தச் சட்டப்படி, அதன் உத்தரவை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

குற்ற வழக்கு, நுகர்வோர் புகார்

முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 ஆண்டு வரையிலும், தலைமைக் குற்றவியல் நடுவர் 7 ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கலாம். கொலை போன்ற வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும். அசல் ஜரிகை என்று சொல்லிப் போலிப் பட்டுச்சேலையை விற்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

உயர்நீதிமன்றம்

2004 முதல் தென்மாவட்ட வழக்குகளை மதுரைக் கிளை விசாரிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குச் சென்னைதான்.

தவறான கோர்ட்டில் போட்டுவிட்டால்?

நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் அங்கே வழக்கை நடத்தியிருந்தால், அந்தக் காலத்தைக் காலவரையறையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே மனு திரும்பி வந்தால் உடனே சரியான கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மனு எழுதும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.