‘முதலமைச்சரின் ஆலோசனைப்படி’: நோயுற்ற தலைமை, கூடாத அவை, ஒரு செய்திக்குறிப்பு

காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரை 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். பிப்ரவரி 10 அன்று மு. கருணாநிதி முதலமைச்சரானார். இடைப்பட்ட அந்த ஒரு வாரம் நம் அரசியல் வரலாற்று நூல்களில் பலமுறை அலசப்பட்டுவிட்டது. அண்ணா 1968 செப்டம்பரில் சிகிச்சைக்காக நியூயார்க் புறப்பட்டதிலிருந்து தொடங்கும் ஐந்து மாதங்களோ ஓரிரு பத்திகளில் கடந்துபோகின்றன. தமிழகத்தில் தலைவர்களின் நோயை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மரணத்தைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பார்வைக்கு அடியில் இரண்டு கருத்துகள் உண்டு. நாற்காலி காலியாகும்போதுதான் அதிகாரம் கைமாறுகிறது என்பது ஒன்று. பதவியில் இருக்கும் முதலமைச்சர் படுத்த படுக்கையானால் என்ன செய்வது என்பதில் அரசமைப்புச் சட்டம் மௌனம் சாதிக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் இக்கட்டுரை மறுக்கிறது. நாற்காலி நிரம்பியிருக்கும்போதே அதிகாரம் நகர்கிறது. சட்டமும் மௌனமாக இல்லை. நகர்ந்த விதத்தை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று வாய்விட்டே சொல்கிறது. 2016 அக்டோபர் 11 அன்று ஆளுநர் மாளிகை வெளியிட்ட செய்திக்குறிப்பு இதற்கு முதன்மைச் சான்று.

முதலில் அவைக்குள் நோய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அங்கே கணக்கு எளிது. அரசமைப்புச் சட்டப் பிரிவு 189இன்படி அவையில் இருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மையே செல்லும். வராதவர் கணக்கில் இல்லை. அனுமதியின்றி 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராத உறுப்பினரின் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்கிறது பிரிவு 190(4). ஆக, உடல் வந்தாக வேண்டும். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் ஜேம்ஸ் காலஹான் அரசு 311க்கு 310 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. சாகும் நிலையில் இருந்த ஆல்ஃபிரட் பிராட்டன் என்ற உறுப்பினரை லண்டனுக்கு அழைத்துவர வேண்டாம் என்று காலஹான் முடிவெடுத்திருந்தார். அமெரிக்க செனட்டில் 1964 ஜூன் 10 அன்று, குடிமை உரிமைகள் சட்ட முன்வடிவின் மீதான இழுத்தடிப்பு விவாதத்தை முடிப்பதா என்ற வாக்கெடுப்பு. மூளைக்கட்டியால் பேச்சிழந்த கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் வந்தார். பெயர் அழைக்கப்பட்டதும் கையைத் தூக்கித் தன் கண்ணைச் சுட்டினார். ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்பதற்கும் ‘கண்’ என்பதற்கும் ஒலி ஒன்றே. அவரது வாக்கு பதிவாயிற்று. அடுத்த மாதமே அவர் இறந்தார்.

அந்தக் கையசைவை அவையே பார்த்தது. இந்த ‘பார்த்தது’ என்ற சொல் பின்னர் மீண்டும் வரும்.

இனிச் செய்திக்குறிப்பு. ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 19 நாள் கழித்து, பொறுப்பு ஆளுநர் வித்யாசாகர் ராவின் மாளிகை நான்கு செய்திகளைச் சொன்னது. முதலமைச்சர் கவனித்துவந்த இலாகாக்கள் பிரிவு 166(3)இன்கீழ் அமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. அமைச்சரவைக் கூட்டங்களுக்கும் அவரே தலைமை வகிப்பார். முதலமைச்சர் பணிக்குத் திரும்பும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கும், ஜெயலலிதாவே முதலமைச்சராகத் தொடர்வார். இந்த ஏற்பாடு முதலமைச்சரின் ஆலோசனைப்படி செய்யப்படுகிறது.

கடைசிச் செய்தியைப் பற்றித்தான் சர்ச்சை. படுக்கையில் இருப்பவர் எப்படி ஆலோசனை தந்தார், எழுத்திலா வாய்மொழியிலா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. பிறகு எழுதியவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். அது வெறும் சம்பிரதாயச் சொற்றொடர், அரசாங்கக் கோப்புகளில் எப்போதும் வருவது என்றார்கள் ஒரு சாரார். அது உண்மையா பொய்யா என்பதே கேள்வி என்றார்கள் மறு சாரார். இரு தரப்பும் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேடினவே தவிர, அந்த வாக்கியம் எதைச் செய்தது என்று பார்க்கவில்லை.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுக் குறிப்பை வாசித்தால் அது செய்த வேலை புலப்படும். ஆலோசனை இல்லையென்றால் ஆளுநர் தாமாகவே இலாகாக்களை மாற்றியிருக்கிறார் என்றாகும். முதலமைச்சரால் ஆலோசனை தர இயலவில்லை என்று ஆளுநரே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். ஒப்புக்கொண்ட மறுகணம் பிரிவு 163(1) எதிரே வந்து நிற்கும்: ஆளுநருக்குத் துணைநிற்கும் அமைச்சரவைக்கு முதலமைச்சர் தலைவராக இருக்க வேண்டும். செயல்பட முடியாத தலைவர் தலைவர்தானா? இல்லையென்றால் சட்டமன்றக் கட்சி வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் அவையின் நம்பிக்கையைக் காட்ட வேண்டும். இத்தனை கேள்விகளும் எழாமல் தடுத்து நின்றது அந்த ஒற்றை வாக்கியம். கட்டடத்தின் பாரம் முழுவதும் எந்தத் தூணில் இறங்குகிறதோ அதைப் பூச்சு வேலை என்று சொல்வது பொருந்தாது.

அந்தத் தூணுக்குக் காவலும் உண்டு. ஆளுநருக்கு அமைச்சர்கள் ஆலோசனை தந்தார்களா, தந்தார்கள் என்றால் என்ன தந்தார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது பிரிவு 163(3). அமைச்சரவையின் இரகசியத்தைக் காக்க வந்த ஏற்பாடு இது. நோயுற்ற ஒருவர் பெயரில் வரும் ஆலோசனைக்கும் அதே பூட்டு பொருந்துகிறது. ஆலோசனை தரப்படவில்லை என்று இங்கு வாதிடவில்லை. குறிப்பை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. தரப்பட்டதா என்று கேட்க வழியில்லாத இடத்தில் அதிகாரம் கைமாறியது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஜெயலலிதாவின் மரணத்தை ஆராய்ந்த ஆறுமுகசாமி ஆணையம் இதையெல்லாம் விசாரித்துவிட்டதே என்பார்கள். விசாரணை ஆணையம் நீதிமன்றமன்று. சிகிச்சையும் அதன் சூழ்நிலையும்தான் அதன் களம். அந்த ஆட்சேபம் அத்துடன் முடிகிறது.

இதே மருத்துவமனை நாட்களில் பிறந்த இன்னொரு காகிதத்தின் கதை வேறு. திருப்பரங்குன்றத்தில் வென்ற சீனிவேல் பதவியேற்கும் முன்பே 2016 மே மாதம் இறந்தார். அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் தள்ளிவைக்கப்பட்டிருந்தன. மூன்று தொகுதிகளுக்கும் நவம்பர் 19 வாக்குப்பதிவு. வேட்பாளருக்கு இரட்டை இலை கிடைக்க ‘ஏ’, ‘பி’ படிவங்களில் கட்சித் தலைமையின் கையொப்பம் வேண்டும். வந்த படிவங்களில் கையொப்பம் இல்லை. ஜெயலலிதாவின் இடது பெருவிரல் ரேகை இருந்தது. வலது கை வீங்கியிருப்பதால் கையெழுத்திட முடியவில்லை, தம் முன்னிலையில் அவரே ரேகை வைத்தார் என்று ஒரு மருத்துவர் சான்றளித்திருந்தார். மூன்று தொகுதிகளிலும் அ.தி.மு.க. வென்றது.

இந்தக் காகிதத்துக்குப் பூட்டு இல்லை. தேர்தல் சட்டத்தின்கீழ் வேட்பாளரோ வாக்காளரோ வழக்குத் தொடரலாம். திருப்பரங்குன்றத்தில் தோற்ற தி.மு.க. வேட்பாளர் சரவணன் தொடர்ந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் சாட்சிகள் கூண்டேறினார்கள். அந்த ரேகையை ஏற்றது செல்லாது என்று கண்டு, 2019 மார்ச் 22 அன்று நீதிபதி வேல்முருகன் அ.தி.மு.க.வின் ஏ.கே. போஸின் வெற்றியை ரத்து செய்தார்.

ஒரே அறை, ஒரே நோயாளி. கட்சிச் சின்னத்துக்கான ரேகை கூண்டில் நின்றது. ஓர் அரசாங்கத்தையே கைமாற்றிய வாக்கியத்தைக் கூண்டருகே அழைக்கவும் வழியில்லை. எந்தக் காகிதத்தின் எடை அதிகமோ அதற்கே சாட்சி தேவைப்படவில்லை.

சாட்சி என்றதும் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அங்குள்ள சபை வெட்டிவைத்த கல்வெட்டுகளை மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் சபை அது; அந்தப் புகழ்ச்சி மிகை. ஆனால் குடவோலை எடுக்கும் முறையில் ஒரு நுணுக்கம் கவனிக்கத் தக்கது. கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்றுமறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறியிருக்கலாமே என்ற சந்தேகத்துக்கு அங்கேயே விடை சொல்லியிருக்கிறார்கள். பெயர் உரக்க வாசிக்கப்பட்டு, அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதை வாசித்த பிறகே எழுதப்படும். அதிகாரம் இடம்பெயரும் அந்தக் கணத்தை அதற்கு உரியவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எழுதப்பட்ட விதி.

இந்த அளவுகோலை வைத்தால் மூன்று முதலமைச்சர்களின் நோய்க்காலம் மூன்று விதமாகத் தெரிகிறது. அண்ணா நோயாளியாகவே மக்கள்முன் வந்தார். 1969 ஜனவரி 14 அன்று சென்னையில் கலைவாணர் சிலையைத் திறந்தார். மூன்று வாரத்தில் இறந்தார். எம்.ஜி.ஆர். 1984 டிசம்பர் தேர்தலின்போது புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஆண்டிபட்டியில் பிரச்சாரத்துக்கு வராமலே வென்றார். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஊர் ஊராக வீடியோ போட்டுக் காட்டினார்கள். வீடியோவை வெட்டி ஒட்டலாம்தான். ஆனாலும் வாக்காளர் எதையோ பார்த்துவிட்டுத் தீர்ப்பளித்தார். 2016இல் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாளில் ஒரு படமும் வரவில்லை. அவர் பழச்சாறு குடிக்கும் காட்சி வெளியானது 2017 டிசம்பர் 20 அன்று, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள்.

இன்னொரு முதலமைச்சரையும் இங்கே சொல்ல வேண்டும். கோவாவின் மனோகர் பாரிக்கர் 2019 ஜனவரி 30 அன்று மூக்கில் குழாயோடு அவைக்கு வந்து வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். அப்படி ஒருவரை வரவழைத்தது மனிதத்தன்மையா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவர் எந்த நிலையில் ஆள்கிறார் என்பது மட்டும் அவைக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் அந்த 75 நாளில் சட்டமன்றம் ஒரு நாளும் கூடவில்லை. அரசு சும்மாவும் இருக்கவில்லை. ஜெயலலிதா எதிர்த்துவந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அனைவருக்குமான ரேஷன் முறை தொடரும் என்று அரசு சொன்னது, தொடரவும் செய்தது. முடிவு சரியா தவறா என்பது இங்கு வாதமில்லை. அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது பிரிவு 164(2). ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் ஒரு முடிவுக்கு அன்று யார் பொறுப்பு? தலைமை வகித்தவர் முதலமைச்சர் இல்லை. முதலமைச்சர் தலைமை வகிக்கவில்லை. கேள்வி கேட்க வேண்டிய 200க்கு மேற்பட்டவர்களுக்குக் கூட்டமே இல்லை. நோயால் நிகழ்ந்த உண்மையான அதிகார மாற்றம் இதுதான்: ஒரு தலைவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனதைவிட, அவையிடமிருந்து கோட்டைக்கும் ஆளுநர் மாளிகைக்கும் போனதே பெரிது.

இரா. நெடுஞ்செழியனின் வாழ்க்கை இதை வேறு கோணத்தில் காட்டுகிறது. 1969இல் தற்காலிக முதலமைச்சர், 1984இல் எம்.ஜி.ஆர். நோயுற்றபோது பொறுப்பைக் கவனித்தவர், 1987இல் அவர் இறந்தபின் மறுபடியும் தற்காலிக முதலமைச்சர். மூன்று முறையும் பொறுப்பு அவரிடம் வந்தது, ஒருமுறையும் நிலைக்கவில்லை. வாரிசுப் போட்டியை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் தோற்றவர். ஆனால் இடைக்காலப் பொறுப்பு யாரிடம் போகும் என்பதும் நிரந்தரப் பதவி யாரிடம் போகும் என்பதும் வெவ்வேறு இடங்களில் முடிவாகின்றன என்பதற்கு அவரே சான்று. 2017 பிப்ரவரி 18 அன்று 122க்கு 11 என்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிரணி வென்றபோது பன்னீர்செல்வத்துக்கும் அதுவே நேர்ந்தது.

அந்த வாக்கெடுப்பு நாளில் பெருவிரல் ரேகையின் வழியே தேர்வான மூவரும் பேரவை உறுப்பினர்கள். போஸின் தேர்வு செல்லாது என்ற தீர்ப்பு வர இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அது வந்தபோது போஸும் இல்லை; 2018 ஆகஸ்டில் அவர் காலமாகியிருந்தார். 2019 மே 19 அன்று திருப்பரங்குன்றம் மீண்டும் வாக்களித்தது, சரவணன் வென்றார். அக்டோபர் 11 செய்திக்குறிப்பின் ‘ஆலோசனைப்படி’ என்ற வாக்கியம் இன்றும் பிரிவு 163(3)இன் காவலில் இருக்கிறது.