மொட்டை மாடியில் இரண்டு வெள்ளை

சீர்காழியில் மெத்தை வீட்டின் சூட்டைத் தணிக்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீற்றிய சுண்ணாம்பில் பசையும் கொஞ்சம் நீலமும் கரைத்து மாடியில் அடிப்பது. மற்றொன்று, பெயிண்டில் கலந்தால் வெப்பம் இறங்காது என்று விற்கப்படும் பொடி. முன்னதைச் சிக்கனம் என்கிறோம், பின்னதைத் தொழில்நுட்பம் என்கிறோம். பிறப்பைப் பார்த்தால் அவ்வளவு தூரம் இல்லை.

அந்தக் காலத்துச் சுண்ணாம்பு கடற்கரைக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்தது. பொடியோ, நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே வெறுமையான உருண்டைகள். இவற்றில் ஒரு வகை அனல்மின் நிலையச் சாம்பலில் கிடைக்கிறது: நிலக்கரியோடு உருகிய கனிமத் துளி வாயுவைச் சிறைப்பிடித்து உறைந்து, சாம்பல் குட்டையில் மிதக்கும். இரண்டும் நெருப்பைக் கடந்தவை, இரண்டுமே முதலில் யாரும் சீந்தாத கழிவு. கிளிஞ்சல் உயிர் குடியிருந்து காலியான கூடு. உருண்டை பிறக்கும்போதே காலி.

சேர்மானமும் நமக்குப் புதிதல்ல. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்புக் காரையில் விட்ட கொத்தனார்கள் இருந்த ஊர் இது. ஆனால் கடுக்காய் தளத்துக்கு உறுதி தரும் என்றார்களே தவிர, குளிர்ச்சி தரும் என்று யாரும் சொல்லவில்லை. பொடியின் வாக்குறுதி பெரிது. பெயிண்ட் காய்ந்தால் 0.3 மில்லிமீட்டர் இருக்கலாம். தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடும் சுருக்கி 3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 250 மடங்கு. உருண்டைக்குள் வெற்றிடமே இருந்தாலும் அந்த மெல்லிய தோல் எவ்வளவுதான் தடுக்கும்? அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2020இல் 4 பெயிண்ட் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது இப்படிப்பட்ட வெப்பத்தடைக் கணக்குகளுக்காகத்தான்.

ஆனாலும் பொடி கலந்து அடித்த மாடி குளிர்வது உண்மை. அது பொடியால் அல்ல, வெள்ளையால். வெறும் கான்கிரீட் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பெயிண்ட் முக்கால் பங்குக்குமேல் அனுப்பும், புதுச் சுண்ணாம்பும் அதற்கு அதிகம் பின்தங்காது. தெலங்கானா 2023இல் கொண்டுவந்த குளிர்கூரைக் கொள்கையும் சூரிய எதிரொளிப்பைத்தான் பார்க்கிறது. இதனால் உள்சுவரில் இரண்டுமே ஒன்றுதான்: வெயில் படாத இடத்தில் எதைத் திருப்பி அனுப்புவது?

பெயிண்டின் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் தாது இல்மனைட் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. கிளிஞ்சலுக்கு அண்ணன் தம்பி முறை சாம்பல் உருண்டை என்று நினைத்தோம். கடைசியில் உறவு கொண்டாடுவது அதே கடற்கரையின் மணல்!

இருவரும் பிரிவது மழையில். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட ஐப்பசியில் சுண்ணாம்பு கரைந்து ஓடிவிடும். பெயிண்ட் நிற்கும், நின்று, பாசி பிடித்துக் கறுக்கும். கறுத்த பெயிண்ட் பெயரளவில்தான் வெள்ளை. சுண்ணாம்புக்கோ வருடா வருடம் தை மாதம் புது உடுப்பு, அதுவும் கோடைக்குச் சரியாக மூன்று மாதம் முன்னதாக. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் மட்டை சுவரோடு நின்றுவிடுகிறது. மாடிப்படி ஏறுவதில்லை.