மாலைத் தேநீர் மேசையும் கொழுந்துக் கூடையும்

கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் பெரிய தங்கும் விடுதிகளில், பிற்பகல் மூன்று மணிக்குப் பின் மூன்றடுக்குத் தட்டொன்று மேசைக்கு வருகிறது. வெள்ளரிக்காய் வைத்த சிறு ரொட்டித் துண்டுகள், ஸ்கோன், வெண்ணெய், பழப்பாகு, விரலளவு கேக் வகைகள் ஆகியவற்றுடன் வெண்பீங்கான் கோப்பையில் தேநீரும் வரும். நம் வட்டாரத்து விளம்பரங்கள் இதனை ‘ஹை டீ’ என்கின்றன. இங்கிலாந்தில் அப்பெயர் வேறொன்றுக்கு உரியது. வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர் குடும்பம், இறைச்சியும் ரொட்டியுமாக மாலையில் உண்ட நிறைவான உணவே ‘ஹை டீ’. மேட்டுக்குடியினரின் சிற்றுண்டிக்கு ‘ஆப்டர்நூன் டீ’ என்று பெயர். உழைப்பாளியின் உணவுப் பெயர் செல்வந்தர் மேசையில் வந்து ஒட்டிக்கொண்டது மொழி வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

இவ்வழக்கம் 1840ஆம் ஆண்டளவில் பெட்போர்டு கோமகள் அன்னா மரியாவால் தொடங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அக்காலத்தில் உயர்குடியினரின் இரவுணவு எட்டு மணியை நோக்கித் தள்ளிப்போயிற்று. இடைப்பட்ட நேரத்துப் பசியைத் தணிக்க அவர் தம் அறைக்கே தேநீரும் ரொட்டியும் வரவழைத்தார். பின்னர்த் தோழியரையும் அழைத்தார். ஒருவரே ஒரு வழக்கத்தைத் தோற்றுவித்தார் என்பதை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும், உணவு வேளை மாறியதே காரணம் என்பது பொருந்துகிறது.

அது வீட்டுக்குள் நடந்த விருந்து. வரலாற்றில் பெரிய மாற்றம், தேநீர் வீட்டை விட்டு வெளியே வந்தபோதுதான் நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆண் துணையின்றிப் பெண்ணொருத்தி மதிப்புடன் அமர்ந்து உண்ணத்தக்க பொது இடம் பிரிட்டிஷ் நகரங்களில் அரிது. மதுக்கூடம் தகாது, ஆண்களின் மன்றங்களில் நுழைய இயலாது. 1864இல் ஏரேட்டட் பிரெட் என்னும் ரொட்டி நிறுவனம் லண்டனில் தேநீரகம் திறந்தது. 1878இல் கிளாஸ்கோ நகரில் கேட் கிரான்ஸ்டன் என்னும் பெண்மணி தம் முதல் தேநீரகத்தைத் தொடங்கினார். அவருக்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷ் வடிவமைத்த வில்லோ தேநீரகம் 1903இல் திறக்கப்பட்டது. 1894இல் லண்டன் பிக்கடிலியில் லயன்ஸ் நிறுவனம் தன் முதற்கடையைத் திறந்தது. மதுவிலக்கு இயக்கத்தாரும் இக்கடைகளை ஆதரித்தனர். கடைத்தெருவுக்கு வந்த இல்லத்தரசி, அலுவலகத்துத் தட்டச்சுப் பெண், வாக்குரிமை வேண்டிப் போராடிய பெண்கள் அனைவருக்கும் அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. போராட்டக் கூட்டங்கள் பலவும் தேநீரகங்களில் கூடின. ஆகவே, இந்த மேசையை வெறும் ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

ஆனால் எளிய வருவாயுள்ளோரும் அமரும் கடை பெருக வேண்டுமெனில் தேயிலை மலிவாக வேண்டும். அந்த மலிவு எங்கிருந்து வந்தது? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், காப்பிச் செடியின் இலைகளில் துரு நோய் தோன்றியது. காப்பித் தோட்டங்கள் அழிய, அவ்விடங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காப்பிக்கு அறுவடைக் காலம் மட்டுமே ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காட்டுவழி நடந்து வந்தவர்கள் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலை அப்படியன்று. கொழுந்து ஏழெட்டு நாளுக்கொரு முறை, ஆண்டு முழுவதும் எடுக்கப்பட வேண்டும். எனவே குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கின. கொழுந்தெடுப்பு பெண்களின் வேலையாயிற்று. 1880களின் இறுதியில் இந்திய, இலங்கைத் தேயிலை பிரிட்டனில் சீனத் தேயிலையை முந்தியது. லண்டன் பெண்ணுக்கு நாற்காலி தந்த மலிவுக்குப் பின்னால், மலைச்சரிவில் கூடையைத் தலையில் கட்டி நின்ற தமிழ்ப் பெண் இருந்தாள். 1927இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும், ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதனிலும் குறைந்த தொகை என்றே வகுக்கப்பட்டது. ஏற்றுமதி விளம்பரங்களில் அவள் படம் இடம்பெற்றது. அவள் சொற்கள் இடம்பெறவில்லை.

மொழி மன்றத்தின் உரை என்பதால், இச்சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவது தகும். தேநீரகத்தின் பட்டியலில் ‘ஆரஞ்சு பீக்கோ’ என்றொரு பெயரைக் காணலாம். ஆரஞ்சுப் பழத்தின் மணமோ சுவையோ அதில் இல்லை; அது இலைத்தரத்தின் பெயர். ‘பீக்கோ’ என்பது இளந்தளிரின் வெண்மயிரைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. ‘தே’ என்பதும் ஹொக்கியன் வழக்கே. ஆங்கிலத்து ‘டீ’, மலாயின் ‘தே’, நம் ‘தேயிலை’, ‘தேநீர்’ அனைத்தும் அதன் கிளைகள். ‘சாயா’ என்பது ‘சா’ என்னும் மற்றொரு சீன வழக்கின் வழி வந்தது. இவ்விரண்டையும் தமிழ் ஏற்றுக்கொண்டது. சீனச் சொற்கள் இவ்வாறு உலகம் சுற்றித் தேநீர் மேசையில் அமர்ந்தன.

தமிழ்ச் சொற்களும் தேயிலையோடு பயணம் செய்தன. ஆனால் அவை சென்று சேர்ந்த இடம் வேறு. ஆங்கிலேய நிர்வாகம் தன் ஏடுகளில் ஏற்றுக்கொண்டவை ‘கங்காணி’, ‘துண்டு’ போன்றவை. கங்காணி ஆள் திரட்டி வந்து மேற்பார்வை செய்தவர். துண்டு என்பது, இன்ன தொகைக் கடனை அடைத்தால் இத்தொழிலாளரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு. அச்சீட்டு கைமாறும்போது கடனும் தொழிலாளரோடு தோட்டம் மாறிச் சென்றது. 1921இல் சட்டத்தின் மூலம் அம்முறை ஒழிக்கப்பட்டது. கடனுக்கும் கண்காணிப்புக்கும் உரிய தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குத் தேவைப்பட்டன. ‘கொழுந்து’ என்னும் இனிய சொல் தேவைப்படவில்லை. மறுபுறம், வரிசை வீடுகளைக் குறித்த ஆங்கிலச் சொல் தோட்டத்தமிழில் ‘லயம்’ ஆயிற்று. விடியற்காலை ஆள்கணக்கெடுப்பு ‘பெரட்டு’ ஆயிற்று.

இச்சொற்கள் மலாயாவின் தோட்டங்களிலும் வழங்கின. 1885இல் வில்லியம் கேமரன் ஆய்ந்த மலைப்பகுதியில், 1929இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடு திருத்திச் செடி நட்டவர்களுள் தமிழர் பலர். இன்று அம்மலையில், பச்சைச் சரிவைப் பார்த்தவாறு ஸ்கோனும் தேநீரும் அருந்தும் தேநீரகங்கள் உள்ளன. சரிவில் கொழுந்து வெட்டுவோருள் பெரும்பாலோர் இப்போது வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். கைவிரலுக்கு மாற்றாகக் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. லயம், பெரட்டு, கொழுந்துக் கூடை என்று அன்றாடம் பேசிய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.