குன்னூர் ஊசியும் மூளைக் கட்டியும்

காரமடைப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய யாரிடமும் நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சு தானாக வரும். மலைமேல் குன்னூரில் பல்லாண்டு தயாரான மருந்து அது. மூளைப் புற்றுக்கு இன்று உலகம் தேடும் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கும் அந்த ஊசிக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் கசௌலியில், சிம்லா மலைப்பக்கம் தொடங்கியது. வெறிநாய் கடித்த தென்னாட்டுக்காரர் அங்கே போய்ச் சேருவதற்குள் விலைமதிப்பற்ற நாட்கள் ஓடிவிடும். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடை உதவியோடு 1907இல் குன்னூரில் தென்னிந்தியாவுக்கென ஒரு நிலையம் எழுந்தது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873இலும், அங்கிருந்து குன்னூருக்கு 1899இலும் ரயில் வந்துவிட்டதால், சமவெளியில் கடிபட்டவர்கள் காரமடையைக் கடந்து மலையேறினார்கள்.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் வகுத்த முறைதான் நெடுங்காலம் நாடெங்கும் நின்றது. வெறிநோய்க் கிருமி ஏற்றிய விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, அந்தக் கலவையை நாள் தவறாமல் வயிற்றுத் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். பிற்காலத்தில் செம்மறியாட்டு மூளையே இதற்கு வழக்கமானது. கணக்கற்ற உயிர்களைக் காத்த ஊசி. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வெறிநோய் வராமலேயே கைகால் விழுந்துபோனது. சிலர் இறந்தும் போனார்கள்.

காரணம் மருந்திலேயே இருந்தது. கிருமியோடு ஆட்டின் நரம்பு உறையும் அதில் கலந்திருந்தது. அதைப் பகையென்று கற்றுக்கொண்ட நோயெதிர்ப்புக் காவல் செல்கள், கடிபட்டவரின் சொந்த மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கின. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1933இல் குரங்குகளுக்கு முயல் மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, இதே சேதத்தை வரவழைத்துக் காட்டினார். இந்தியா மூளைத் திசு ஊசியை முற்றிலும் கைவிட்டது 2004இன் கடைசியில்தான்.

மூளைக்குள் நோயெதிர்ப்புச் செல்கள் நுழைவதில்லை என்ற நம்பிக்கையோ பாடநூல்களில் வெகுகாலம் அசையாமல் இருந்தது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது பீட்டர் மெடாவரின் 1948 சோதனை: முயலின் மூளையில் ஒட்டிய அயல் தோல் பிழைத்துக்கொண்டது. அதே சோதனையின் மறுபாதியைப் பலர் மறந்தார்கள். அந்தத் தோலை முன்பே உடம்பில் ஒட்டிப் பழக்கியிருந்தால், மூளைக்குள் வைத்த தோலும் அழிந்தது. வெளியே பாடம் படித்த செல்கள் உள்ளே போகும். நாய்க்கடி ஊசியால் படுத்த ஏழைகளின் உடம்பு ஏற்கெனவே சொன்ன செய்தி இது. மருத்துவ வரலாறு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அந்தச் செய்தியைச் சிகிச்சையாக்க முயன்றவர்களில் ஒருவர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மத்தியாஸ் குரோமையர். மூளைப் புற்றில் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமாவுக்கு அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை மூன்றும் சேர்ந்து கொடுத்த இடைநிலை (மீடியன்) ஆயுள் 2005 ஆய்வில் 14.6 மாதம். அவர் கையில் எடுத்த ஆயுதம் போலியோ வைரஸ். சொட்டு மருந்தில் உள்ள சேபின் வகைக் கிருமியில் ஒரு மரபுத் துண்டை எடுத்துவிட்டு, சளிக் கிருமியின் துண்டைப் பொருத்தினார். இப்படி மாற்றிய கிருமி நல்ல நரம்புச் செல்லில் பெருகாது. புற்றுச் செல்லுக்குள் நுழையும். அந்தப் போலியோ சொட்டு மருந்தை 1970களின் தொடக்கத்தில் குன்னூர் நிலையமும் தயாரித்திருக்கிறது.

மனிதரில் சோதனை 2012இல் தொடங்கியது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் வழியாகக் கிருமியைக் கட்டிக்குள் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். அதற்கு முன்பே கையில் ஒரு போலியோ தடுப்பூசியும் உண்டு. கிருமி நேரடியாகக் கொல்வதைவிட, அதைக் கண்டு திரளும் காவல் செல்கள் புற்றையும் அடையாளம் காண்பதுதான் முக்கியம். நோய் திரும்பிய 61 பேருக்குக் கொடுத்ததில் 21 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2018இல் முடிவு வெளியானது. பழைய நோயாளிப் பதிவுகளில் அது 4 விழுக்காடு.

மற்றவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை? பதிலின் ஒரு பகுதி, இந்நோய்க்கு எங்கும் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோனில் இருக்கிறது. மூளை வீக்கத்தை வற்றவைக்க அந்த ஸ்டீராய்டு வேண்டும். எழுப்பிவிட்ட காவல் செல்களை அடக்கிவிடுவதும் அதே மருந்துதான். வீக்கத்தை வேறு வழியில் குறைக்க முடியுமா என்று மருத்துவர்கள் இப்போது பெவாசிசுமேப் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கிறார்கள்.