ஒகினாவா, 1945: நாசகாரிக் கப்பல்களின் அன்றாடப் பணியும் இழப்பும்

1945 ஏப்ரல் 16 காலை. ஒகினாவாவுக்கு வடக்கே முதலாம் ரேடார் காவல் நிலையில் இருந்த ‘லாஃபி’ என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலை ஏறத்தாழ எண்பது நிமிடங்களில் 22 ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஆறு விமானங்கள் கப்பலின் மீதே வந்து மோதின. நான்கு வெடிகுண்டுகள் தாக்கின. 32 பேர் இறந்தார்கள், 71 பேர் காயமுற்றார்கள். கப்பல் மட்டும் மூழ்கவில்லை. ஒகினாவாக் கடற்போரை எழுதுகிறவர்கள் எவரும் இந்த எண்பது நிமிடங்களைச் சொல்லாமல் விடுவதில்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் அந்த எண்பது நிமிடங்களைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதங்கள் இருக்கின்றன. எண்ணெய் பிடிப்பது, குண்டு ஏற்றுவது, இரவெல்லாம் கரைக்கு வெளிச்சம் போடுவது, ரேடார்த் திரையை விழித்துப் பார்ப்பது, கிடைத்த அரைமணியில் இரும்புத் தளத்திலேயே படுத்துத் தூங்குவது ஆகியவற்றால் ஆன மாதங்கள் அவை. தீவுப் படையெடுப்பில் நாசகாரிகளின் பங்கையும் அவற்றின் இழப்பையும் விளக்குவதற்குப் போர் நிமிடங்களைவிட இந்த அன்றாடமே வலுவான சான்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கப்பலைப் பற்றி. ஒகினாவாவில் மிகுதியாக நின்றவை பிளெட்சர் வகுப்பைச் சேர்ந்தவை. அந்த வகுப்பில் மொத்தம் 175 கப்பல்கள் கட்டப்பட்டன. எடை 2,100 டன், நீளம் 376 அடி, வேகம் மணிக்கு 35 கடல் மைலுக்குச் சற்று மேல். ஐந்து 5 அங்குலப் பீரங்கிகளும் பத்து டார்பிடோக் குழாய்களும் இருந்தன. எதிரியின் பெருங்கப்பல்களை இரவில் விரைந்து நெருங்கி டார்பிடோ வீசித் திரும்புவதை மனத்தில் வைத்து வரையப்பட்ட கப்பல் இது. 1944 அக்டோபரில் சுரிகாவோ நீரிணையில் நாசகாரிகள் அந்த வேலையைச் செய்தும் காட்டின. தீவுக் கரையோரத்தில் அதற்கு இடமே இல்லை. அங்கே தேவைப்பட்டவை நின்று சுடும் பீரங்கியும் தூரத்தைப் பார்க்கும் கண்ணும்தான். போர் முடிவதற்குள் பல கப்பல்களில் டார்பிடோக் குழாய்களில் ஒரு தொகுதியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். அன்றாட வேலை கப்பலின் உருவத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கரைக்கு ஆதரவாகச் சுடும் பணியின் முக்கியத்துவம் 1943 நவம்பர் 20 அன்று தராவாவில் புரிந்தது. பெரிய கப்பல்கள் சில மணிநேரம் குண்டு பொழிந்து ஓய்ந்தபோது அங்குள்ள பெட்டியோ தீவின் அரண்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தன. ‘ரிங்கோல்ட்’, ‘டாஷியல்’ என்ற இரண்டு நாசகாரிகள் பவளத்திட்டுக்கு உள்ளே, கடற்கழிக்குள்ளேயே நுழைந்து, கண்ணுக்குத் தெரிந்த இலக்குகளைச் சுட்டன. மொத்தமாகப் பொழிவதைவிடக் கேட்டபோது கேட்ட இடத்தில் சுடுவதே காலாட்படைக்கு உதவும் என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

ஒகினாவாவில் அந்தப் பாடம் ஒரு முறைமையாகவே ஆகிவிட்டிருந்தது. முன்வரிசைப் படைப்பிரிவுகளோடு கடற்படை அதிகாரி ஒருவரும் இலக்குக் காண்போரும் வானொலிக்காரர்களும் அடங்கிய சிறு குழு நடந்து செல்லும். கையில் கட்டம் போட்ட வரைபடம். அதே வரைபடம் கப்பலிலும் இருக்கும். கரையிலிருந்து கட்டத்தின் எண் வரும், கப்பல் ஒரு குண்டை வீசும், ‘நூறு கஜம் கூட்டு, ஐம்பது கஜம் இடது’ என்பதுபோல் திருத்தம் வரும். இலக்கைத் தொட்டதும் தொடர்ச்சுடல். 5 அங்குலக் குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 25 கிலோ. பீரங்கி ஒன்று நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் வரை வீசும். ஒவ்வொரு குண்டையும் அடித்தளக் கிடங்கிலிருந்து மேலே அனுப்பியவர்கள் மனிதர்கள்தாம். இனப்பிரிவினை நிலவிய அந்தக் கடற்படையில் கறுப்பினத்தவர்க்கும் பிலிப்பினோக்களுக்கும் பெரும்பாலும் உணவுக்கூடப் பணியே தரப்பட்டது. போர் மணி அடித்தால் அவர்களில் பலருக்கு இடம் இந்தக் குண்டுக் கிடங்குதான். கடற்படை வரலாறுகள் இவர்களை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது.

இந்தப் பணிக்கு ஓர் எல்லையும் உண்டு. கப்பல் பீரங்கியின் குண்டு தாழ்வான பாதையில் பறப்பது. மலையின் முன்முகத்தை அது தகர்க்கும், பின்சரிவைத் தொடாது. ஜப்பானிய 32-ஆம் படையின் தளபதி உஷிஜிமா மிட்சுரு ஷூரி மலைத்தொடரில் தன் ஆட்களைப் பெரும்பாலும் பின்சரிவுகளிலும் குகைகளிலும் வைத்திருந்தார். ஆகவே பகலைவிட இரவில்தான் நாசகாரி காலாட்படைக்கு அதிகம் பயன்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. இருட்டில் ஊடுருவி வரும் ஜப்பானியரைக் காட்டிக்கொடுக்க, சிறு பாராசூட்டில் தொங்கியபடி எரியும் வெளிச்சக் குண்டுகளைக் கப்பல் விட்டு விட்டுச் சுட்டது. ஒன்று அணைவதற்குள் அடுத்தது வேண்டும். பதுங்குகுழியில் இருந்த சிப்பாய்க்கு அது நிம்மதி. கப்பலில் இருந்தவனுக்கு இரவு முழுக்கத் தலைக்கு மேல் பீரங்கி முழக்கம்.

இதன் விலை என்ன என்பதை ‘லாங்ஷா’ காட்டுகிறது. நாசகாரியான அது நான்கு நாள் இடைவிடாமல் கரைக்குச் சுட்டு ஓய்ந்த நிலையில் மே 18 காலை நாஹா விமானத்தளத்தின் அருகே பவளத்திட்டில் தரைதட்டியது. இழுவைக் கப்பல் வந்து கயிறு கட்டிய நேரத்தில் கரைப் பீரங்கிகள் குறிபார்த்துவிட்டன. முன்பகுதி சிதறியது. கப்பல் தலைவர் உட்பட 86 பேர் இறந்தார்கள். போர்ப் பட்டியல்களில் இது ‘கரைப் பீரங்கியால் அழிந்தது’ என்று பதிவாகும். நான் அதைத் தூக்கமின்மையின் கணக்கில்தான் சேர்ப்பேன்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூரியன் எழுவதற்குமுன் எல்லோரும் போர்நிலை. மறையும்போது மீண்டும் போர்நிலை. இடையில் நான்கு மணிநேரக் காவல் முறைகள். எச்சரிக்கை வந்தால் அந்த முறையும் கலைந்துவிடும். ஒரே இரவில் பலமுறை எச்சரிக்கை வருவதுண்டு. சமையல்காரர்கள் ரொட்டியும் காப்பியும் பீரங்கி மேடைக்கே கொண்டுபோவார்கள். கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் நன்னீரில் முதல் உரிமை கொதிகலனுக்கு, ஆட்களின் குளியல் அதற்குப் பிறகுதான்.

எண்ணெயும் குண்டும் தூக்கத்தைப் போலவே தீர்ந்துகொண்டிருப்பவை. ஒகினாவாவில் இறங்குவதற்கு ஆறு நாள் முன்பே, மார்ச் 26 அன்று, 77-ஆம் காலாட்படைப் பிரிவு அருகிலிருந்த கேராமா தீவுக்கூட்டத்தைப் பிடித்தது. அங்கே பதுக்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தற்கொலைப் படகுகள் சிக்கியது கூடுதல் ஆதாயம். எண்ணெய்க் கப்பல்களும் ஆயுதக் கப்பல்களும் பழுதுபார்க்கும் கப்பல்களும் நிற்க அமைதியான நீர்ப்பரப்பு கிடைத்ததே பெரிய லாபம். முழுப் படையெடுப்பிலும் அறிவார்ந்த முடிவு எது என்று கேட்டால் நான் இதையே சொல்வேன். ஏப்ரல் 6 அன்று ‘லோகன் விக்டரி’, ‘ஹாப்ஸ் விக்டரி’ என்ற இரண்டு ஆயுதக் கப்பல்கள் காமிகாசே எனும் தற்கொலை விமானத் தாக்குதலில் அங்கே அழிந்ததும் அந்த இடத்தின் மதிப்பைத்தான் காட்டுகிறது.

எண்ணெய் விஷயத்தில் பிசகினால் என்ன ஆகும் என்பது அதற்கு நான்கு மாதம் முன்பே தெரிந்திருந்தது. பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவுப் படையெடுப்புக்கு ஆதரவாக நின்ற அமெரிக்க மூன்றாம் கடற்படை 1944 டிசம்பர் 18 அன்று புயலில் சிக்கி ‘ஹல்’, ‘ஸ்பென்ஸ்’, ‘மோனஹன்’ என்ற மூன்று நாசகாரிகளை இழந்தது. அந்தப் புயலில் ஏறத்தாழ 790 பேர் மாண்டார்கள். ‘ஸ்பென்ஸ்’ எண்ணெய் அநேகமாகத் தீர்ந்த நிலையில் இருந்தது. எண்ணெய் பிடிக்கக் காத்திருந்ததால் எடைக்காகக் கடல்நீரைத் தொட்டிகளில் நிரப்புவதும் தள்ளிப்போயிற்று. எதிரி ஒரு குண்டும் சுடவில்லை. பிரிட்டிஷார் இதே சிக்கலை வேறு வகையில் அனுபவித்தார்கள். 1944 நவம்பரில் திருகோணமலையில் உருவாக்கப்பட்ட அவர்களுடைய பசிபிக் கடற்படை ஒகினாவாப் போரில் சகிஷிமா தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கப்பலின் பின்னால் மிதக்கும் குழாயைப் பிடித்து எண்ணெய் ஏற்றுவது அவர்கள் வழக்கம். அமெரிக்கர்கள் பக்கவாட்டில் இணைந்து ஓடியபடி அதே வேலையை மிக விரைவாக முடித்தார்கள்.

இனி ரேடார் காவல். ஒகினாவாவின் மேற்குக் கரையில் சம்பா முனையை மையமாக வைத்து, தீவைச் சுற்றிலும் கடலில் 16 காவல் நிலைகள் குறிக்கப்பட்டன. தூரத்திலிருந்தவை ஐம்பது மைலுக்கும் அப்பால். நிலைக்கு ஒரு நாசகாரியும் துணைக்குச் சிறு பீரங்கிப் படகுகளும். ஜப்பானின் கியூஷூ தீவிலிருந்து வரும் விமானங்களை முன்கூட்டியே கண்டு, தரையிறங்கும் துறைக்கு எச்சரிக்கை கொடுத்து, மேலே வட்டமிடும் சொந்தப் போர் விமானங்களைத் திசைகாட்டி அனுப்புவதே வேலை. இந்தப் பணியில் கப்பலின் மையம் பீரங்கி மேடையிலிருந்து உள்ளே, வெளிச்சம் குறைத்த தகவல் அறைக்கு நகர்ந்துவிட்டது. ரேடார்த் திரையில் தெரியும் புள்ளியின் திசையையும் தூரத்தையும் ஒருவர் சொல்ல, ஒளி ஊடுருவும் பலகையின் பின்னால் நிற்கும் மாலுமி அதை இடவலம் மாற்றி எழுதுவான், முன்னால் நிற்கும் அதிகாரி நேராகப் படிக்க வேண்டும் என்பதற்காக. உயரத்தைச் சரியாகக் கணிக்கும் வசதி அந்த ரேடார்களில் குறைவு. தாழப் பறந்து வருபவற்றைக் காண்பதும் கடினம்.

எச்சரிக்கை கொடுப்பவனே முதல் இலக்கானான். ஏப்ரல் 6 முதல் ஜூன் 22 வரை ஜப்பானியர் பத்துப் பெருந்தாக்குதல்கள் நடத்தினார்கள். முதல் நாளே ‘புஷ்’ அடிபட்டது. உதவிக்கு விரைந்த ‘கோல்ஹூன்’ கப்பலும் அதோடு மூழ்கியது. ஏப்ரல் 12 அன்று ‘மேனர்ட் ஏபல்’ ஓகா என்ற ராக்கெட் தற்கொலை விமானத்தால் பிளந்து சில நிமிடங்களில் மறைந்தது. அந்த ஆயுதத்தால் மூழ்கிய முதல் கப்பல் அதுவே. போர் முடிவதற்குள் ரேடார் காவலில் மட்டும் பத்து நாசகாரிகள் மூழ்கின.

மே 11 அன்று ‘ஹியூ ஹேட்லி’ 23 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. அங்கே தீர்மானித்தது துணிவும் குறியும்தானே என்று ஒருவர் கேட்கலாம். துணிவை யார் மறுப்பது? ஆனால் அன்று மேலே சண்டையிட்ட சொந்த விமானங்களும், இலக்கின் அருகே தானே வெடிக்கும் புதிய திரியும், தளர்ந்த ஆட்கள் கையிலும் தடுமாறாத பயிற்சியும் இல்லாமல் அந்தக் கணக்கு வந்திருக்காது. ‘லாஃபி’ மூழ்காததற்கும் தீயணைப்பு, நீரடைப்புக் குழுக்களின் அன்றாடப் பயிற்சியே பெரும் காரணம்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கரையில் ரேடார் அமைத்தால் கப்பல்களை விடுவிக்கலாம் என்பது திட்டமிட்டோருக்குத் தெரியும். அமெரிக்க மரைன் படை வீரர்கள் ஒகினாவாவின் வடகோடியான ஹெடோ முனையை ஏப்ரல் 13 அன்றே அடைந்துவிட்டார்கள். இயே தீவு ஏப்ரல் 21-இல் கைக்கு வந்தது. ஆனால் ரேடாருக்காகவே பிடிக்கப்பட்ட இஹேயாவில் ஜூன் 3 அன்றுதான் இறங்கினார்கள். அகுனியில் ஜூன் 9, குமேயில் ஜூன் 26. பத்துப் பெருந்தாக்குதல்களில் எட்டு இஹேயாவில் இறங்குவதற்குள்ளேயே முடிந்துவிட்டன. கேராமாவை ஆறு நாள் முன்பே பிடிக்கத் தெரிந்த தலைமை, இந்தச் சிறு தீவுகளுக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. தரைப்போர் இழுத்தடித்ததால் ஆட்கள் கிடைக்கவில்லை என்ற சமாதானம் ஓரளவுக்கே நிற்கும்.

ஒகினாவாவில் அமெரிக்கக் கடற்படை 36 கப்பல்களை இழந்தது, 368 கப்பல்கள் சேதமுற்றன, 4,900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1945-இலேயே கியரிங் வகுப்பின் சில கப்பல்களில் டார்பிடோக் குழாய்களை எடுத்துவிட்டு உயரம் கணிக்கும் ரேடாரைப் பொருத்தினார்கள். விமானத்திலேயே ரேடாரை ஏற்றும் முயற்சியும் வேகம் பிடித்தது. நாசகாரி தனியே நின்று தாங்கிய அந்த வேலை அதற்கு உரியதல்ல என்பதை இதன் மூலம் கடற்படையே ஒப்புக்கொண்டது. ரேடார் காவலில் நேர்ந்த இழப்பின் ஒரு பகுதிக்குத் தீவுகளைத் தாமதமாகப் பிடித்த தலைமைதான் பொறுப்பு. இதைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் வீரப்பதக்கச் சான்றுகளை விட்டுவிட்டு, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் நாட்குறிப்புகளை நாள்தோறும் வரிசையாகப் படிக்க வேண்டும்.