வேப்பிலையும் அம்மைப்பாலும்

வைசூரி எனப்படும் பெரியம்மையை இன்றைய மாணவர் கண்டதில்லை. 1975ஆம் ஆண்டில் அது நம் நாட்டை விட்டு நீங்கியது; 1980இல் உலகினின்றே ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் நம் முன்னோர் அக்கொடுநோயோடு வாழ்ந்தனர். அது பற்றிய பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் மாண்டனர். பிழைத்தவருள்ளும் சிலர் கண்ணொளி இழந்தனர். தீர்க்கும் மருந்து இல்லாத அந்நாளில் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் என்ன செய்தனர்?

நோய் என்னும் சொல்லையே அவர்கள் வழங்கார். அம்மை வார்த்திருக்கிறது என்பர். கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். வாயிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவர். அதைக் கண்ட அயலார் உள்ளே நுழையார். அவ்வீட்டுத் துணி வெளுக்கப் போகாது. அடுக்களையில் தாளிக்கும் ஓசையும் எழாது. நோயுற்றவர் வேப்பந்தழை பரப்பிய படுக்கையில் கிடப்பார். அரிப்பெடுத்தால் நகம் படாமல் வேப்பங்கொத்தினால் மெல்ல வருடுவர். இளநீரும் மோரும் கூழுமே உணவு. முத்துக்கள் வாடிய பின், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர். அதுகாறும் மாரியம்மனே அவ்வீட்டில் எழுந்தருளியிருப்பதாக நம்பினர்.

இவையனைத்தும் மூடப்பழக்கம் என்று ஒதுக்குவார் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. வேப்பிலை வைசூரியைத் தீர்க்கவில்லை என்பது மெய்யே. ஆயினும், வாயிலில் தொங்கிய அக்கொத்து, எழுத்தறியாதவனுக்கும் விளங்கிய எச்சரிக்கைப் பலகையன்றோ! ஒருமுறை கண்டவர்க்கு அது மீண்டும் வருவதில்லை என்பதையும் அவர்கள் பட்டறிந்திருந்தனர். உதிரும் பொருக்கிலும் நோய்நஞ்சு உறையும் என்பதை மட்டும் அறியார். அம்மனைக் குளிர்விக்க ஊர் கூடியபோது, அக்கூட்டமே நோய் பரவ வழியாகவும் கூடும்.

இங்கிலாந்தில் ஜென்னர் 1796இல் மாட்டம்மை நீரைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கும் முறையைச் சோதித்தார். அவ்வம்மைப்பால் பாக்தாது, பாசுரா வழியாகப் பம்பாயை அடைந்து, 1802 ஜூன் 14ஆம் நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குக் குத்தப்பட்டது. விரைவில் சென்னைக்கும் வந்தது. ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்து நீரை எடுத்து மற்றொரு குழந்தைக்குக் குத்துவதே அந்நாளைய முறை. வேற்றுச் சாதியாரின் உடல்நீர் தம் பிள்ளைக்குள் புகுவதா என்று பலர் தயங்கினர். தாயின் திருவிளையாட்டில் மனிதன் குறுக்கிடுவதா என்று அஞ்சினாரும் உண்டு. அம்மை குத்துபவர் வருகிறார் என்றதும் பிள்ளைகளை ஒளித்து வைத்த ஊர்கள் பல.

இந்த அச்சத்தை நன்குணர்ந்த ஒருவர், சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிசு துரை. திருக்குறளுக்கு உரை வகுத்த தமிழறிஞர். ஆணையிட்டுப் பயனில்லை எனக் கண்டார் போலும். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழிலேயே ஒரு கதை புனைந்து, மாட்டம்மையும் தேவி அருளியதே என்று அதில் சொல்ல வைத்தார். பழைய நூல்போல் தோன்றச் செய்த அப்புனைவு நேர்மையானதா என்று நீங்கள் வினவலாம், வினவவே வேண்டும். ஆனால், மக்களின் நம்பிக்கையை இகழாமல் அதன் மொழியிலேயே பேச முற்பட்டவர் அவர்.

பிற்காலத்தில் அம்மைப்பாலை ஏற்ற சிற்றூர்களும் வேப்பிலையைக் கைவிடவில்லை. சின்னம்மை கண்ட வீட்டு வாயிலில் இன்றும் அக்கொத்தைக் காணலாம்.