பிரின்ஸ்வில்: வெள்ளமும் பிற இயற்கை இடர்களும்

பிரின்ஸ்வில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எட்ஜ்கோம்ப் கவுண்டியைச் சேர்ந்த சிற்றூர். தார் ஆற்றின் தென்கரையில் உள்ளது. எதிர்க்கரையில் டார்பரோ நகரம். 2020 கணக்கெடுப்பில் இவ்வூரின் மக்கள்தொகை 1,254. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1865-இல் இங்கே குடியேறினர். 1885-இல் ஊருக்கு மாநிலச் சட்டமன்றத்தின் நகரப் பட்டயம் கிடைத்தது. முன்னாள் அடிமைகள் நிறுவிய முதல் நகரம் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் 2000-ஆம் ஆண்டு ஆணை இதைக் குறிப்பிடுகிறது. இந்தப் பெருமையோடு சேர்ந்தே வெள்ளத்தாலும் இவ்வூர் அறியப்படுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

ஆறும் நிலமும்

தார் ஆறு வட கரோலினாவின் மேட்டுப் பகுதியில் பிறந்து சுமார் 215 மைல் ஓடி, வாஷிங்டன் என்னும் சிறு துறைமுக நகரத்துக்கு அருகே பாம்லிகோ என்று பெயர் மாறிக் கடற்கழியில் சேர்கிறது. பைன் மரங்களிலிருந்து வடித்த தாரைப் படகுகளில் ஏற்றிச் சென்ற ஆறு இது. ராக்கி மவுண்ட் வரை பாறைப் பாங்கான தரையில் இறங்கிவரும் ஆறு, அதற்குக் கீழே கடலோரச் சமவெளியை அடைந்ததும் வேகம் தணிந்து வளைந்து வளைந்து செல்கிறது. மேட்டில் சில மணி நேரத்தில் பெய்த மழை, சமவெளியில் நாள்கணக்கில் தேங்கி நகரும். டார்பரோ அளவுமானிக்கு மேலே 2,183 சதுர மைல் பரப்பின் மழைநீர் இந்த ஆற்றில் வந்து சேர்கிறது.

ஆபத்தின் இயல்பை இந்த அமைப்பே தீர்மானிக்கிறது. புயல் கடந்து, வானம் தெளிந்து, வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் இங்கே வெள்ளம் உச்சம் தொடும். 1999-இல் புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள் உச்சம் வந்தது. 2016-இல் ஐந்து நாள் ஆயிற்று. காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துப் புயலை எடைபோடும் பழக்கம் இந்த ஊரில் செல்லாது.

தோற்றம்

1865-இன் வசந்தத்தில் உள்நாட்டுப் போர் முடிந்தபோது வடக்குப் படையினர் டார்பரோவுக்கு எதிரே, ஆற்றின் தென்கரையில் முகாமிட்டிருந்தனர். சுற்றுப்பகுதிப் பருத்திப் பண்ணைகளிலிருந்து வெளியேறிய மக்கள் படையின் பாதுகாப்பை நம்பி அங்கே திரண்டனர். விடுதலை அறிவிக்கப்பட்ட மேட்டுக்கு அவர்கள் ஃப்ரீடம் ஹில், அதாவது விடுதலைக் குன்று, என்று பெயரிட்டார்கள். குன்று என்று சொல்லும்படி அங்கே பெரிய உயரம் ஏதுமில்லை. சுற்றிலும் சதுப்பு; மழைக்காலத்தில் ஆறு வந்து போகும் தாழ்நிலம்.

படை திரும்பிப் போன பிறகும் மக்கள் அகலவில்லை. நிலம் வெள்ளைப் பண்ணையார்களுக்கு உரியது. அவர்கள் குடிசைகளை அகற்ற முற்படாததற்குப் பெருந்தன்மையைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. அந்த நிலத்தில் பயிர் நிலைக்காது. வெள்ளத்துக்கு அஞ்சிய வெள்ளையர் எவரும் அங்கே வீடு கட்ட மாட்டார். பண்ணைகளுக்கும் டார்பரோ வீடுகளுக்கும் கூலியாட்கள் வேண்டும். அவர்கள் கூப்பிடு தூரத்தில், ஆனால் ஆற்றுக்கு அப்பால் இருந்தால் நல்லது. இந்தக் கணக்கே ஊரின் எல்லையை வரைந்தது.

விடுதலை பெற்றோருக்கு நிலம் என்ற பேச்சு அந்த ஆண்டுகளில் தென்மாநிலங்கள் முழுவதும் பரவியிருந்தது. ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் பிறப்பித்த ஆணை தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோரத்தில் விடுதலையானோருக்கு நிலம் ஒதுக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பெரும்பாலான நிலத்தைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். எட்ஜ்கோம்ப் மக்களுக்கு அந்த வாய்ப்பும் எட்டவில்லை. கைக்காசு சேர்த்து, மனை மனையாக விலைக்கு வாங்கித்தான் அவர்கள் ஊரை உருவாக்கினார்கள். அப்படி மனை வாங்கி வீடு கட்டியவர்களில் ஒருவர் டர்னர் பிரின்ஸ் என்ற தச்சர். 1885-இல் பட்டயம் கிடைத்தபோது ஊர் அவர் பெயரைத் தாங்கியது.

தச்சர்கள், கொல்லர்கள், சலவைத் தொழில் செய்த பெண்கள், பண்ணைக் கூலிகள் ஆகியோரின் ஊராக அது வளர்ந்தது. காலையில் பாலம் கடந்து டார்பரோவுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பினார்கள். சொந்தமாக ஊராட்சி இருந்தது. தேவாலயங்களும் பள்ளியும் எழுந்தன. எட்ஜ்கோம்ப் அப்போது கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த கவுண்டி. டார்பரோவில் வசித்த ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1897 முதல் 1901 வரை நாடாளுமன்றக் கீழவை உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பிறகு 1929 வரை அந்த அவையில் கறுப்பின உறுப்பினர் எவரும் இல்லை. வட கரோலினாவின் 1900-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் எழுத்தறிவுத் தேர்வின் வழியாகக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. கரை கட்டு, கால்வாய் வெட்டு என்று மாநிலத்திடம் கேட்டு வாங்கும் வலிமையும் அத்துடன் போயிற்று. வெள்ளத்தின் வரலாற்றை எழுதுவோர் மழையளவோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்த ஊரின் இடர், விடுதலையானோருக்கு எந்த நிலம் மிஞ்சியது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

பழைய வெள்ளங்களும் மண்கரையும்

1800, 1865, 1889, 1919, 1924, 1940, 1958 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் பதிவாகியுள்ளன. ஊர் முளைத்த ஆண்டும் இப்பட்டியலில் இருக்கிறது. 1919 ஜூலையில் டார்பரோவில் ஆறு சுமார் 34 அடிக்கு ஏறியது. எண்பது ஆண்டுகள் அதுவே உச்ச அளவாக நின்றது. அங்கே 19 அடியைத் தாண்டினாலே வெள்ள நிலை என்று கொள்ளப்படுகிறது. வெள்ளம் வரும்போது மக்கள் மேட்டுக்குப் போவார்கள். வடிந்ததும் வந்து சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அதே மனையில் மீண்டும் குடியிருப்பார்கள். வேறு மனை வாங்கும் வசதி பலருக்கு இல்லை.

1958 வெள்ளத்துக்குப் பிறகே அரசு அசைந்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1960களின் நடுவில் ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மைல் நீளத்துக்கு மண்கரை எழுப்பியது. ஊர் தோன்றி நூறாண்டு ஆன பிறகு வந்த முதல் பாதுகாப்பு அது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊருக்குள் பெருவெள்ளம் வரவில்லை. கரையை நம்பிப் புது வீடுகள் பெருகின. 1990-இல் மக்கள்தொகை 1,652.

ஃபிளாய்டு, 1999

1999 செப்டம்பர் முதல் வாரத்தில் டெனிஸ் புயல் வட கரோலினாவில் கரையேறி மண்ணை ஊறவைத்துவிட்டுப் போயிருந்தது. குளமும் ஓடையும் நிறைந்து கிடந்தபோது, செப்டம்பர் 16 அதிகாலையில் ஃபிளாய்டு புயல் கேப் ஃபியர் அருகே கரையைக் கடந்தது. காற்றின் அளவில் அது இரண்டாம் வகைப் புயல்தான். ஆனால் வில்மிங்டனில் மட்டும் 19 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. ஊறிய மண் ஒரு துளியையும் உறிஞ்சவில்லை. அத்தனை நீரும் ஆறுகளுக்கு ஓடியது.

பிரின்ஸ்வில் மக்கள் இரவோடு இரவாக மணல்மூட்டை அடுக்கினார்கள். பலன் இல்லை. ஆறு கரையைச் சுற்றிக்கொண்டு வந்தது. பிறகு கரைக்கு மேலேயே வழிந்தது. செப்டம்பர் 19-இல் டார்பரோ அளவுமானி 41.51 அடி காட்டியது. நொடிக்கு 70,600 கன அடி நீர் ஓடியது. ஊர் கூரை மட்டம் வரை மூழ்கியது. எந்தக் கரை ஆற்றைத் தடுக்கக் கட்டப்பட்டதோ அதே கரை, உள்ளே வந்த நீர் திரும்ப ஆற்றுக்கு வடியாமல் தடுத்தது. பத்து நாள் அளவுக்கு ஊர் தொட்டியில் தேங்கிய நீர்போல் கிடந்தது. கல்லறைகளிலிருந்து சவப்பெட்டிகள் மேலெழுந்து மிதந்தன. கிழக்கு வட கரோலினாவின் கால்நடைப் பண்ணைகளில் பல்லாயிரம் பன்றிகளும் பல லட்சம் கோழிகளும் மாண்டன. பன்றிக் கழிவுக் குட்டைகளும் எரிபொருளும் சாக்கடையும் கலந்த நீர் அது. மாநிலம் முழுவதும் 35 பேர் உயிரிழந்தனர். கரையோரக் காற்றைவிட உள்நாட்டு வெள்ளமே அதிகம் பேரைக் கொன்றது.

தார் வடிநிலத்தின் பல இடங்களில் இது 500 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அளவையும் மிஞ்சிய வெள்ளம் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் மதிப்பிட்டது. எந்த ஓர் ஆண்டிலும் அப்படி ஒன்று வர ஐந்நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். ஒருமுறை வந்தால் ஐந்நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை என்று அதைப் படித்தவர்கள் பதினேழே ஆண்டுகளில் மறுபடி வீட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

விற்பதா, இருப்பதா

வெள்ளம் வடிந்ததும் மத்திய அரசின் அவசரகால மேலாண்மை முகமை இரு வழிகளை முன்வைத்தது: வீடுகளையும் மனைகளையும் அரசே விலைக்கு வாங்கிக்கொண்டு மக்களை வேறிடம் அனுப்புவது, அல்லது கரையைச் செப்பனிட்டு அங்கேயே வாழ்வது. விற்ற நிலத்தில் பிறகு வீடு கட்ட இயலாது; ஊரும் பட்டயமும் முடிந்துபோகும். மேயர் டெலியா பெர்கின்ஸ் காலத்தில் நகர மன்றம் 1999 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் இருப்பது என்று முடிவெடுத்தது. அப்போது பலர் ராக்கி மவுண்ட் அருகே அரசு கொடுத்த ட்ரெய்லர்களில் தங்கியிருந்தனர்.

இந்த முடிவை உணர்ச்சிவசப்பட்டது என்று எழுதியவர்கள் உண்டு. அது சரியான மதிப்பீடு அன்று. வெள்ளத்தில் ஊறிய வீட்டுக்கான சந்தை விலையில் மேட்டுநிலத்தில் வீடு வாங்க முடியாது என்பது அம்மக்களுக்குத் தெரிந்திருந்தது. முன்னோர் விலைகொடுத்து வாங்கி, நான்கு தலைமுறை காத்த நிலத்தை ஒரே கையெழுத்தில் இழக்க மறுத்தார்கள். கரையைச் சரியாகக் கட்டித்தர வேண்டிய பொறுப்பு அரசுடையது. குடியரசுத் தலைவர் கிளின்டன் 2000 பிப்ரவரி 29-இல் பிறப்பித்த 13146-ஆம் எண் ஆணை, பிரின்ஸ்வில்லின் எதிர்காலம் குறித்துப் பரிந்துரைக்க ஒரு குழுவை அமைத்தது. கரை பழைய அளவுக்கே செப்பனிடப்பட்டது. 2000 கணக்கெடுப்பில் 940 ஆகச் சரிந்த மக்கள்தொகை 2010-இல் 2,082 ஆக உயர்ந்தது.

மேத்யூ, 2016

2016 அக்டோபர் 8-இல் மேத்யூ புயல் தென் கரோலினாவில் கரையேறியது. ஐந்து நாள் கழித்து டார்பரோவில் ஆறு 36 அடியைத் தாண்டியது. இம்முறை ஊரைக் காலிசெய்யும் உத்தரவு நேரத்தோடு வந்தது. நீர் கரையை உடைக்கவும் இல்லை. அதன் முனையைச் சுற்றியும், நெடுஞ்சாலைக்கு அடியில் கதவு இல்லாத மதகுகள் வழியாகவும் உள்ளே நுழைந்தது. ஊரின் பெரும்பகுதி மீண்டும் மூழ்கியது. மதகுக்குக் கதவு வைப்பது பெரும் பொறியியல் சாதனை அன்று. அது செய்யப்படாமல் விடப்பட்டதை இயற்கையின் கணக்கில் எழுதக் கூடாது.

2018-இல் ஃபுளோரன்ஸ் புயலின் பெருமழை தெற்கே விழுந்ததால் ஊர் தப்பியது.

பிற இடர்கள்

சுழற்காற்று இப்பகுதிக்குப் புதிதன்று. டொர்னாடோ எனப்படும் இது, வெள்ளத்தைப் போல நாள்கணக்கில் அவகாசம் தராது. எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே சில நிமிடங்களே கிடைக்கும். 1984 மார்ச் 28-இல் இரு கரோலினாக்களையும் தாக்கிய சுழற்காற்றுக் கூட்டத்தில் 57 பேர் இறந்தனர்; அண்டைக் கவுண்டியிலுள்ள கிரீன்வில் பகுதியும் அதில் அடிபட்டது. 2011 ஏப்ரல் 16-இல் மாநிலத்தில் 24 பேர் மாண்டதில் 12 பேர் அருகிலுள்ள பெர்ட்டி கவுண்டியினர். 2023 ஜூலை 19-இல் ராக்கி மவுண்ட் அருகே ஃபைசர் நிறுவனத்தின் ஊசிமருந்துத் தொழிற்சாலையைச் சிதைத்த சுழற்காற்று எட்ஜ்கோம்ப் வழியாகவும் சென்றது. அடித்தளத்தில் உறுதியாகப் பிணைக்கப்படாத நகர்வீடுகளில் வசிப்போருக்கே இதில் ஆபத்து மிகுதி. அவர்கள் ஒதுங்கத் திடமான பொதுக்கட்டடம் அருகில் இருக்க வேண்டும். பனிப்பொழிவும் உறைமழையும் சில குளிர்காலங்களில் மின்சாரத்தைத் துண்டிக்கின்றன. கோடை வெப்பம் வயல்வேலை செய்வோரை வாட்டுகிறது. நில அதிர்வு அரிது. 2011 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் ஏற்பட்ட 5.8 அளவு அதிர்ச்சி இங்கும் உணரப்பட்டது.

இன்றைய நிலை

மேத்யூவுக்குப் பின் மாநில அரசு வெள்ள எல்லைக்கு வெளியே 53 ஏக்கர் நிலத்தை ஊருக்காக வாங்கியது. வெள்ளத்தால் மூடப்பட்டிருந்த ஊர்ப்பள்ளி 2020-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு கரையை உயர்த்தி நீட்டிக்க 3.96 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கரையை உயர்த்தினால் எதிர்க்கரையிலுள்ள டார்பரோவில் வெள்ளம் கூடும் என்று பின்னர் நடந்த கணிப்பு காட்டியதால் திட்டம் மறுஆய்வுக்குப் போனது.